ஆளி விதை: பொடியா, எண்ணெயா, எவ்வளவு, எப்படி?

ஹார்டுவேர் கடைகளில் ‘டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று டின்னில் ஓர் எண்ணெய் விற்பார்கள். தச்சர்கள் கதவுக்கும் நிலைக்கும் பூசுவது அது. புதிதாக வாங்கிய கிரிக்கெட் மட்டைக்குத் தடவி ஊறவிடுவது அதன் காய்ச்சாத வகை. செக்கு எண்ணெய்க் கடையில், உடம்புக்கு நல்லது என்று சின்னக் கறுப்பு பாட்டிலில் விற்கும் ஆளி விதை எண்ணெயும் இதே விதையில் பிழிந்ததுதான்.

மரத்தில் பூசிய ஆளி விதை எண்ணெய் சில நாளில் காய்ந்து, தொட்டால் ஒட்டாத படலமாக இறுகிவிடும். அதே மரத்தில் தேங்காய் எண்ணெயைத் தடவினால் மாதக்கணக்கானாலும் பிசுபிசுப்புப் போகாது. காரணம், ஆளி விதை எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன்மேல் அப்படி ஒரு பசி. அந்தப் பசிக்குக் காரணமான கொழுப்பு அமிலம்தான் நாம் அதைத் தேடிச் சாப்பிடுவதற்கும் காரணம். சீக்கிரம் கெட்டுப்போவதற்குக் காரணமும் அதுவே. எவ்வளவு பொடிப்பது, எங்கே வைப்பது, ஏன் தாளிக்கக் கூடாது என்று ஆளி விதை பற்றி எழும் கேள்விகளில் பாதிக்கு இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே விடை கிடைத்துவிடும்.

இதை எண்ணிலும் பார்க்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில் ஒவ்வொரு சமையல் எண்ணெய்க்கும் ‘அயோடின் மதிப்பு’ என்று ஓர் அளவு வகுத்திருக்கிறார்கள். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு என்பதைச் சொல்லும் எண் அது. ஆக்சிஜன் வந்து பற்றிக்கொள்வது அந்தப் பிணைப்புகளை ஒட்டித்தான். தேங்காய் எண்ணெய்க்கு இது 7.5 முதல் 10 வரை. கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99, நல்லெண்ணெய்க்கு 103 முதல் 120. ஆளி விதை எண்ணெய்க்கோ 170-க்குக் குறையக் கூடாது. நம் அடுப்படியில் பழகிய எந்த எண்ணெயும் இதன் பக்கத்தில்கூட வராது. நல்லெண்ணெயைக் கையாளும் பழக்கத்தில் இதையும் கையாண்டால் கெட்டுப்போவதில் வியப்பில்லை.

வழியிலேயே ஓர் எச்சரிக்கை. ஹார்டுவேர் கடை டின்னில் இருப்பது சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காகக் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகள் கலந்தது. விலை குறைவு, பெயர் ஒன்றுதான் என்று அதை வாங்கிவிடக் கூடாது. அது உணவே அல்ல.

கடையில் எதைக் கேட்பது?

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் ‘ஆளி விதை’ என்று கேட்டால் சில இடங்களில் வேறொரு விதையைக் கொடுத்துவிடுவார்கள். பிரசவித்த பெண்களுக்குக் கஞ்சியில் போடும், வடக்கே ‘ஹலீம்’ என்று சொல்லும் விதை அது. அதற்கும் தமிழில் ஆளிவிரை, ஆலிவிதை என்றெல்லாம் பெயர் உண்டு. இரண்டையும் தண்ணீரில் போட்டால் வழவழவென்று பசை விடும் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். நாம் தேடும் விதை தட்டையானது. எள்ளைவிடப் பெரியது, 4 முதல் 6 மில்லிமீட்டர் நீளம், ஒரு முனை கூர்ந்திருக்கும். மெருகு போட்டதுபோல் பளபளக்கும். உள்ளங்கையில் எடுத்துச் சாய்த்தால் நிற்காமல் வழுக்கி ஓடும். மற்றது அதில் பாதி அளவுதான், செம்பழுப்பு நிறம், பளபளப்பு குறைவு. சந்தேகம் இருந்தால் ‘ஃபிளாக்ஸ் சீட்’ என்றோ, வடநாட்டார் கடையாக இருந்தால் ‘அல்சி’ என்றோ கேளுங்கள். மராட்டியில் ஜவஸ், கன்னடத்தில் அகசெ, தெலுங்கில் அவிசெ கிஞ்சலு.

தமிழ்நாட்டு மண்ணில் பெரிதாக விளையும் பயிர் அல்ல இது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், விதர்பா பக்கம் குளிர்காலப் பயிராக விதைக்கிறார்கள். அதனால்தான் நம் பாட்டிமார் சமையலில் இது இல்லை. வட கர்நாடகத்தில் சோள ரொட்டியோடு அகசெ சட்னிப் பொடியும், மராட்டியத்தில் ஜவஸ் சட்னியும் தலைமுறைகளாக இருக்கின்றன. இதே செடியின் தண்டு நாரில் நெய்ததுதான் லினன் துணி. 1753-ல் லின்னேயஸ் இதற்கு வைத்த தாவரவியல் பெயரின் இரண்டாம் பாதிக்கு ‘மிகமிகப் பயனுள்ளது’ என்று பொருள்.

பழுப்பு விதை, பொன்னிற விதை என்று இரண்டு நிறங்களில் விற்கிறார்கள். பொன்னிறத்துக்கு விலை அதிகம். சத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை; பழுப்பு விதையே போதும். விதையில் தூசி, உடைந்த துண்டுகள் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பையைத் திறந்து முகர்ந்தால் கிட்டத்தட்ட வாசனையே இருக்கக் கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது?

100 கிராம் விதையில் சுமார் 42 கிராம் கொழுப்பு, 27 கிராம் நார்ச்சத்து, 18 கிராம் புரதம், 530 கலோரிக்குச் சற்று மேல். அந்த 42 கிராம் கொழுப்பில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 23 கிராம், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். ஒமேகா-3 குடும்பத்தைச் சேர்ந்தது. நம் உடம்பால் இதைத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 1.6 கிராம், பெண்களுக்கு 1.1 கிராம் போதுமானது. ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடி, அதாவது 7 கிராம், கிட்டத்தட்ட 1.6 கிராமைக் கொடுத்துவிடும்.

நம் வீட்டுச் சமையலில் இதற்கு ஏன் தனி இடம் தர வேண்டும் என்றால், நாம் புழங்கும் எண்ணெய்களில் இந்த அமிலம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் நான்கிலும் அப்படித்தான். கடுகு எண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் ஓரளவு உண்டு. அவை இங்கே அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. உளுந்தும் கீரைகளும் கொஞ்சம் தருகின்றன. மீன் சாப்பிடாத தமிழ்க் குடும்பத்தில் ஒமேகா-3 பற்றாக்குறை எளிதில் வரக்கூடிய ஒன்று.

ஆனால் ‘ஆளி விதை சாப்பிட்டால் மீன் சாப்பிட்ட மாதிரி’ என்ற பேச்சு சரியல்ல. மத்தி, அயிலை போன்ற மீன்களில் இருப்பது இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற நீண்ட சங்கிலி ஒமேகா-3. மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டியது டி.எச்.ஏ. ஆளி விதையில் இருப்பதை நம் உடம்பு இவையாக மாற்றிக்கொள்ளும்தான். ஆனால் இ.பி.ஏ.வாக மாறுவது பொதுவாக நூற்றில் பத்துக்கும் கீழ். டி.எச்.ஏ.வாக மாறுவது பல ஆய்வுகளில் நூற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு மட்டும் இந்த மாற்றம் சற்றுக் கூடுதலாக நடக்கிறது. சூரியகாந்தி எண்ணெயில் ஏராளமாக உள்ள ஒமேகா-6 அமிலமும் இந்த மாற்றத்தைச் செய்யும் நொதியையே பயன்படுத்திக்கொள்வதால், பொரியலும் வறுவலும் அந்த எண்ணெயில் தாராளமாக ஓடும் வீட்டில் ஆளி விதையின் பங்கு மேலும் குறையும். வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வைக்கும் வீட்டுக்கு ஒமேகா-3-க்காக ஆளி விதை கட்டாயம் இல்லை. சைவக் குடும்பத்தில் கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ இருந்தால், டி.எச்.ஏ.வுக்கு ஆளி விதையை மட்டும் நம்பாமல், பாசியிலிருந்து எடுக்கும் டி.எச்.ஏ. தேவையா என்று மருத்துவரிடம் கேட்பதே சரி.

விதை வேறு, எண்ணெய் வேறு

இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். எண்ணெய் என்பது விதையின் சாரம், ஆகவே விதையைவிட மேலானது என்று எண்ணி, விலை கொடுத்து பாட்டில் வாங்குகிறார்கள். ஆளி விதையின் நன்மைகளில் பெரும்பாலானவை பிண்ணாக்கோடு செக்கிலேயே தங்கிவிடுகின்றன. நார்ச்சத்து எண்ணெயில் துளியும் இல்லை. லிக்னன் என்ற பொருளும் பிண்ணாக்கோடு போய்விடுகிறது. நாம் உண்ணும் பொருள்களில் லிக்னன் மிக அதிகமாக இருப்பது ஆளி விதையில்தான். குடலிலுள்ள பாக்டீரியாக்கள் அதைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஒத்த மென்மையான வேதிப்பொருளாக மாற்றுகின்றன.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. 28 ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் வெளிவந்த பகுப்பாய்வில், எண்ணெயைப் பிரிக்காமல் விதையாகவே சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் குறைந்திருந்தது. எண்ணெய் மட்டும் எடுத்தவர்களுக்குக் குறையவில்லை. 6 மில்லிகிராம் சின்னக் குறைவுதான், மாத்திரைக்கு மாற்று அல்ல. ஆனாலும் அதைத் தந்தது விதை, எண்ணெய் அல்ல.

ரத்த அழுத்தத்தில் கவனம் ஈர்த்தது கனடாவின் வின்னிபெக் நகரத்து ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட முடிவு. கால் தமனிகளில் அடைப்பு உள்ள 110 பேரில் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 30 கிராம் அரைத்த ஆளி விதை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில், மற்றப் பிரிவினரோடு ஒப்பிட்டபோது மேல் அழுத்தம் சுமார் 10 புள்ளியும் கீழ் அழுத்தம் சுமார் 7 புள்ளியும் குறைவாக இருந்தன. பெரிய மாற்றம். ஆனால் அவர்கள் ஏற்கெனவே ரத்தக்குழாய் நோயாளிகள், எடுத்தது 30 கிராம், அதுவும் மருத்துவக் கண்காணிப்பில். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது கிடைக்கும் சராசரிக் குறைவு இதைவிட மிகச் சிறியது. நல்ல உடம்பு உள்ளவர் தினம் ஒரு கரண்டி தின்றுவிட்டு 10 புள்ளி குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வரும் உடல் வெப்ப அலைகளுக்கு இது தீர்வு என்று நிறையச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் கட்டுப்பாட்டுக் குழு வைத்து நடத்திய பெரிய சோதனையில், லிக்னன் நிறைந்த ஆளி விதை சாப்பிட்ட பெண்களுக்கும் வெறும் தின்பண்டம் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உடல் மெலியும், முடி வளரும் என்பவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை. மலச்சிக்கலுக்கு மட்டும் தயங்காமல் சொல்லலாம்: தண்ணீர் போதுமான அளவு குடித்தால் நன்றாகவே வேலை செய்யும்.

ஆகவே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் விதையை வாங்குங்கள். எண்ணெய் அதற்கு மேல் ஒரு சுவைக்காக, ஒரு வசதிக்காக.

வறுப்பதும் பொடிப்பதும்

முழு விதையை அப்படியே விழுங்கினால் பெரும்பகுதி முழு விதையாகவே வெளியே போய்விடும். மேலுறை அவ்வளவு உறுதி. வழுக்கல் வேறு, பல்லுக்கும் சிக்காது. நார்ச்சத்து ஓரளவு வேலை செய்யும், உள்ளே இருக்கும் எண்ணெய் கிடைக்காது. இரவு ஊறவைத்தாலும் உறையைச் சுற்றிப் பசை கட்டுமே தவிர உறை உடையாது. பொடிக்கத்தான் வேண்டும்.

வறுக்காமலும் பொடிக்கலாம். வறுத்தால் பச்சை வாடை போய் எள் வறுத்ததுபோல் மணம் வரும். மிக்ஸியிலும் எளிதில் உடையும். அடிகனமான வாணலியில், சிறு தீக்குச் சற்று மேல் வைத்து, ஒரு தடவைக்கு 100 கிராம், கை எடுக்காமல் கிளறுங்கள். மூன்றாம் நிமிடம் வாக்கில் ஒன்றிரண்டு படபடக்கும். நான்கு, ஐந்து நிமிடத்தில் பரவலாக வெடித்துத் துள்ள ஆரம்பிக்கும். விதை லேசாக உப்பியிருக்கும். அப்போதே அடுப்பை அணைத்து அகலத் தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் கருகும். பழுப்பு விதையில் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது என்பதால் காதையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும். படபடப்பு ஓய்ந்த பிறகும் தீயில் இருந்தால் கசந்துவிடும்.

சூட்டில் ஒமேகா-3 அழிந்துவிடாதா என்று கேட்பார்கள். விதைக்குள் இருக்கும்வரை அது எதிர்பார்ப்பதைவிட உறுதியாகத் தாங்குகிறது. சுமார் 178 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் அடுமனை அடுப்பில் வைத்துப் பார்த்த சோதனையிலேயே அதன் அளவு குறிப்பிடும்படி குறையவில்லை. விதையிலுள்ள மற்றப் பொருள்கள் அதைக் காக்கின்றன. ஐந்து நிமிட வறுப்புக்கு அஞ்ச வேண்டாம். தனியாகப் பிழிந்த எண்ணெய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

முழுக்க ஆறிய பிறகுதான் மிக்ஸி. சட்னி ஜார் போதும். ஐந்து வினாடி ஓடவிட்டு நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஐந்து வினாடி. இப்படி நான்கைந்து முறை. ஒரேயடியாக ஓடவிட்டால் பிளேடின் சூட்டில் எண்ணெய் கசிந்து, அடியில் களிபோல் அப்பிக்கொள்ளும். ரவைப் பதம் போதும். ஜார் ஈரமாக இருக்கக் கூடாது. ஒரு துளி ஈரம் பட்டாலும் பசை கட்டும்.

ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடியுங்கள். ஒருவருக்கு 70 கிராம் என்பது நல்ல கணக்கு. கனடாவில் செய்த சோதனையில், அரைத்த விதை 23 டிகிரி அறை வெப்பத்தில் நான்கு மாதம்கூடக் கெடாமல் இருந்தது உண்மைதான். ஆனால் மே மாத மதுரையிலோ வேலூரிலோ சமையலறை அலமாரியின் சூடு 35-ஐத் தாண்டும். கடலோர ஊர்களில் ஈரக்காற்று வேறு. பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைப்பதே நமக்கு ஏற்றது. முழு விதை, உறை கிழியாமல் இருக்கும்வரை, உலர்ந்த டப்பாவில் வெளியிலேயே பல மாதம் இருக்கும். கெட்டதா என்று அறிய ஒரு சிட்டிகையை வாயில் போட்டு மெல்லுங்கள். நல்ல பொடியில் கொட்டை வாசனை வரும். கெட்டதில் தொண்டையில் காறலும் பெயிண்ட் வாடையும் வரும். கொட்டிவிடுங்கள்.

சாப்பாட்டில் எங்கே?

தனியாக வெந்நீரில் கலக்கிக் குடிப்பவர்கள் ஒரு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தினம் சாப்பிடுவதோடு சேர்த்தால்தான் நிலைக்கும். நமக்கு இட்லிப் பொடியைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஆளி விதை 100 கிராம், உளுத்தம்பருப்பு 50 கிராம், கடலைப்பருப்பு 25 கிராம், காய்ந்த மிளகாய் 12, பூண்டு 8 பல், சீரகம் ஒரு தேக்கரண்டி, கொட்டைப்பாக்கு அளவு புளி, கட்டிப் பெருங்காயம் சிறு துண்டு, கல்லுப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். பூண்டைத் தோலோடு தட்டி, ஈரம் முழுக்கப் போய் மொறுமொறுப்பாகும்வரை விடுங்கள். அதில் ஈரம் மிஞ்சினால் பொடி நான்கே நாளில் வாடை அடிக்கும். புளியையும் வாணலிச் சூட்டில் பிரட்டி உலர்த்துங்கள். அரைக்கும்போது பருப்பு, மிளகாய், உப்பு, புளி, பெருங்காயம் முதலில். அவை பொடியானதும் பூண்டும் சீரகமும். கடைசியாகத்தான் ஆளி விதை, இரண்டு மூன்று சுற்று. முதலிலேயே ஆளி விதையைப் போட்டால் அதன் எண்ணெயில் எல்லாம் கட்டிபட்டுப் பருப்பு அரைபடாது. இந்தப் பொடியில் ஏறத்தாழ பாதி ஆளி விதை. ஆகவே, 15 கிராம் பொடி தொட்டுக்கொண்டால் ஏழு கிராமுக்குச் சற்று மேல் ஆளி விதை உள்ளே போய்விடும்.

சப்பாத்தி மாவில் 250 கிராம் கோதுமை மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி பொடி கலக்கலாம். வழக்கத்தைவிட இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும். பிசைந்து 20 நிமிடம் மூடி வையுங்கள். பசை இளகி மாவு மிருதுவாகும். தோசை மாவில் முன்கூட்டியே கலந்து வைப்பது தவறு. சிறிது நேரத்திலேயே மாவு கொழகொழத்து, கல்லில் இழுபடும், அடியில் பிடிக்கும். ஊற்றப்போகும் நேரத்தில், நான்கு தோசைக்கான மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று கலந்து உடனே வார்த்துவிடுங்கள். மோரிலும் கேழ்வரகுக் கூழிலும் அப்படித்தான்: கலந்தவுடன் குடிக்க வேண்டும், பத்து நிமிடம் போனால் குடிக்கப் பிடிக்காத பதமாகிவிடும். ரசம், சாம்பார் வேண்டாம்; வெண்டைக்காய்க் குழம்புபோல் இழுக்கும்.

அந்தக் கொழகொழப்பையே பயன்படுத்தவும் இடமுண்டு. ஒரு மேசைக்கரண்டி பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால், கேக், குக்கீஸ் செய்கையில் ஒரு முட்டைக்குப் பதிலாகப் போடலாம். பிடிப்பு கிடைக்கும், முட்டைபோல் உப்பவைக்காது.

தொடக்கத்தில் ஒரு வாரம் நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி போதும். அடுத்த வாரம் இரண்டு, மூன்றாம் வாரம் ஒரு மேசைக்கரண்டி. நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு முதல் நாளே இரண்டு மேசைக்கரண்டியைத் தாங்காது. வாயு, உப்புசம், சில பேருக்குப் பேதி. நாளுக்கு ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி என்பதைத் தாண்ட வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை. ஒவ்வொரு மேசைக்கரண்டிக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். இது உபசாரப் பேச்சு அல்ல. பசை ஊறுவதற்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் மலச்சிக்கலுக்குச் சாப்பிட்டது மலச்சிக்கலையே கூட்டும். குடல் சுருங்கியோ அடைப்புக்கு உள்ளாகியோ இருப்பவர்களுக்கு ஆபத்தாகவும் முடியும்.

எண்ணெயை வாங்கினால்

100 அல்லது 250 மில்லி பாட்டில் போதும், அதற்கு மேல் வேண்டாம். கறுப்பு அல்லது அடர்பழுப்புக் கண்ணாடி, அழுந்த மூடிய மூடி, பிழிந்த தேதி, உணவு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடை வாசலில் வெயிலில் தெளிந்த பிளாஸ்டிக் பாட்டிலில் அடுக்கி வைத்திருந்தால் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டிதான், திறந்தாலும் திறக்காவிட்டாலும். திறந்த பாட்டிலை ஆறு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

புதிய எண்ணெய் பொன்னிறமாக, வெட்டிய புல்லும் கொட்டையும் கலந்ததுபோல் மணக்கும். வாரங்கள் போகப்போகக் கசக்கும். எண்ணெயிலுள்ள ஒரு சிறு புரதத் துண்டு ஆக்சிஜனேறுவதால் வரும் கசப்பு அது. ஒமேகா-3 கெடுவதற்கு முன்னாலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும் என்பதால் அதை ஒரு முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளலாம். மீன் வாடையும் பெயிண்ட் வாடையும் வந்துவிட்டால் சாப்பிடும் கட்டம் தாண்டிவிட்டது.

தாளிக்க, வதக்க, பொரிக்க இது ஆகவே ஆகாது. ஏறத்தாழ 107 டிகிரியிலேயே புகைய ஆரம்பிக்கும். கடுகு வெடிப்பதற்கு முன்பே எண்ணெய் கெட்டுவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் இதன் வேலை. சூடான சோற்றில் பருப்புப் பொடியோடு நெய்க்குப் பதில் ஒரு தேக்கரண்டி. சுண்டலை இறக்கி வைத்து ஐந்து நிமிடம் கழித்து ஒரு தேக்கரண்டி. இட்லிப் பொடிக்குப் பாதி நல்லெண்ணெய், பாதி இது. ஒரு தேக்கரண்டியிலேயே 2 கிராமுக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் கிடைத்துவிடும், அன்றைய தேவைக்கு அது தாராளம். ஒரு மேசைக்கரண்டி என்றால் 120 கலோரி. ஏற்கெனவே ஊற்றும் எண்ணெயில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் இதைச் சேர்க்க வேண்டும். மேலதிகமாகச் சேர்த்தால் எடைதான் கூடும். இந்த எண்ணெயை அடைத்து விற்கும் 1000 மில்லிகிராம் கேப்சூல்களில் அந்த அமிலம் பாதி அளவுதான். ஒரு தேக்கரண்டிக்குச் சமமாக நான்கைந்து கேப்சூல் விழுங்க வேண்டும். அவற்றுக்குக் கொடுக்கும் காசு வீண்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்பார்கள். அதில் சயனைடை வெளிவிடும் பொருள் இருப்பதுதான் காரணம். அதே வகைப் பொருள்கள் ஆளி விதையிலும் உண்டு. பொடித்துத் தண்ணீர் பட்டால் நொதி வேலை செய்து சிறிதளவு சயனைடு வெளிப்படும். ஒன்றிரண்டு மேசைக்கரண்டி அளவை நம் உடம்பு எளிதாகச் செயலிழக்கச் செய்துவிடும். வறுப்பதும் சமைப்பதும் மேலும் குறைக்கும். ஆனால் பச்சைப் பொடியைக் கப் கப்பாக ஸ்மூத்தியில் அடித்துக் குடிப்பதும், சிறு குழந்தைகளுக்குப் பச்சையாகக் கொடுப்பதும் கூடாது. மண்ணிலுள்ள காட்மியத்தை உறிஞ்சிக்கொள்ளும் பயிர் இது என்பதும் அளவோடு நிறுத்த இன்னொரு காரணம்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுபவர்கள் காலை உணவில் இதைச் சேர்க்காமல் மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பசை மாத்திரை உடம்பில் சேர்வதைத் தடுக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். லிக்னனின் ஈஸ்ட்ரோஜன் குணத்தால், கர்ப்பக் காலத்தில் மருந்துபோல் பெரிய அளவில் எடுக்க வேண்டாம். எள்ளுக்கு ஒவ்வாமை வருவதுபோல் இதற்கும் அரிதாகச் சிலருக்கு வரும். உதடு அரித்தாலோ தடித்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

ஆறு வாரம் தாண்டியும் பாட்டிலின் அடியில் எண்ணெய் மிஞ்சியிருந்தால் அதைச் சோற்றில் ஊற்றித் தீர்க்க வேண்டாம். சப்பாத்திக் கட்டைக்கோ மரக்கரண்டிக்கோ மெல்லத் தடவித் துடைத்து, ஒரு வாரம் காற்றாட வைத்தால் மரம் நன்றாக மெருகேறும். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள். ஆக்சிஜனை இழுக்கும்போது எண்ணெய் சூடாகும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றியிருக்கிறது. துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியில் கொடியில் விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.